பயிற்சிக்கு முன் நிழலை அளந்து பாருங்கள்

பெரம்பலூர் மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளியின் பட்டதாரி ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "நான் தாவரவியல் படித்தவள். புவி, விண்வெளிப் பாடங்களைத் தயக்கமின்றி நடத்த எந்தப் பயிற்சியில் சேரலாம்?"

பயிற்சியைத் தேடுவதற்கு முன், அங்கே கேட்பதற்கு உங்களிடம் சொந்தக் கேள்விகள் சேர வேண்டும் என்பேன். கருத்தாளர் திரையில் காட்டியதை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பினால், மாணவரின் முதல் குறுக்குக் கேள்விக்கே அது தாங்காது.

பள்ளி வளாகத்தில் 1 மீட்டர் கம்பைச் செங்குத்தாக நட்டு, வாரம் ஒருமுறை நண்பகலில் மிகக் குறுகிய நிழலை அளந்து வாருங்கள். உங்கள் ஊர், இந்திய நேரத்துக்கு அடிப்படையான 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு மேற்கே இருப்பதால், சூரியன் உச்சிக்கு வருவது ஆண்டின் பெரும்பகுதியில் 12 மணிக்குப் பிறகுதான். பிப்ரவரியில் அது ஏறத்தாழ 12.30 ஆகிவிடும். டிசம்பர் 21-ஐ ஒட்டி நிழல் வடக்கே சுமார் 69 செ.மீ. நீளும், ஜூன் 21-ஐ ஒட்டித் தெற்கே சுமார் 22 செ.மீ. விழும், ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23 ஆகிய நாள்களை ஒட்டி நிழலே இராது. பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில் வருவது ஜனவரித் தொடக்கத்தில் என்பதையும் இவ்வளவீடுகளோடு சேர்த்துக் காட்டினால், தொலைவுதான் பருவங்களுக்குக் காரணம் என்ற பிழையான எண்ணம் (அது ஆசிரியர்களிடமும் உண்டு) வகுப்பிலேயே கலையும்.

சில மாத அளவீடுகள் சேர்ந்த பின், டேராடூனில் இயங்கும் இஸ்ரோவின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் நடத்தும் இணையவழிப் படிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குச் செல்வதானால், முன்னதாக அனுமதி விசாரித்து, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் செல்லுங்கள்.

பாறைகளுக்கோ, உங்கள் மாவட்டத்தை விடச் சிறந்த பயிற்சிக்கூடம் அரிது. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் சுமார் 18 மீட்டர் நீள மரமும், காரையின் வறண்ட ஓடைவெட்டுகளில் காணும் கடல்வாழ் உயிரிகளின் எச்சங்களும், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் இப்பகுதி கடலுக்கு அடியில் இருந்ததற்குச் சான்றுகள். நிலத்தில் வளர்ந்த மரம் கடற்படிவுக்குள் எப்படி வந்தது என்பதைத் தாவரவியல் படித்த நீங்களே பிறரைவிட நன்றாக விளக்கலாம். நம் பாடநூல்களில் விண்வெளி அறிவியலிலும் பாறைகள் சமூக அறிவியலிலும் பிரிந்து கிடப்பதால், சமூக அறிவியல் ஆசிரியரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எதையும் பெயர்த்து எடுக்காமல், அளவுகோலை அருகில் வைத்துப் படம்பிடித்து வந்தால் போதும்.