நீலகிரி ரயில்வே கம்பெனி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஊட்டி மலை ரயில் பாதையின் கீழ்ப்பகுதியைப் போட்ட நீலகிரி ரயில்வே கம்பெனி பற்றி எழுதியதிலிருந்து கடிதங்கள் நிற்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், கையெழுத்து மட்டும் வேறு. அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன். ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன். மூன்று சொற்களை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ராக் என்பது தண்டவாளங்களுக்கு நடுவே கிடக்கும் பல் சட்டம், பினியன் என்பது அதைப் பிடித்து ஏறும் இன்ஜினின் பல்சக்கரம், மீட்டர் கேஜ் என்பது ஒரு மீட்டர் அகலப் பாதை.

கம்பெனி எந்த ஆண்டு தொடங்கியது? ஒரு இடத்தில் 1885 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 1896 என்கிறார்கள். எது சரி? (குன்னூர்)

இரண்டும் சரி, ஏனென்றால் கம்பெனி ஒன்றல்ல, இரண்டு. முதல் கம்பெனி 1885-ல் 25 லட்ச ரூபாய் மூலதனம் என்று சொல்லிக்கொண்டு தொடங்கியது. வேலையை ஆரம்பிக்கவே ஆறு வருடம் ஆனது. 1891 ஆகஸ்டில் சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். மூன்றே வருடத்தில், 1894 ஏப்ரலில், கம்பெனி கடையைக் கட்டியது. பாதி வெட்டிய மலையும் போட்ட பணமும் அப்படியே நின்றன. 1896 பிப்ரவரியில் அமைந்த இரண்டாவது கம்பெனி பழைய கம்பெனியிடமிருந்து பாதையை வாங்கி வேலையை முடித்தது. 1899 ஜூன் 15 அன்று மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஓடியது.

இந்த விஷயத்தில் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: ஆண்டைத் தனியாக எழுதாதீர்கள். எந்தக் கம்பெனி, எந்த ஸ்டேஷன் வரை என்று சேர்த்து எழுதுங்கள்.

இந்தப் பாதையை அமைத்தவர் சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ரிகன்பாக் தானே? (கோவை)

இல்லை. ரிகி மலையில் 1871-ல் ராக் ரயில் ஓட்டிக் காட்டியவர் நிக்லாஸ் ரிகன்பாக். நீலகிரிக்கும் ஒரு திட்டம் கொடுத்தார், 1882-ல் நேரிலும் வந்து பார்த்தார். ஆனால் அவருடைய ராக் ஏணி மாதிரி இருக்கும்: இரண்டு பக்கச் சட்டம், நடுவே குறுக்குக் கம்பிகள். மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த ஸ்டேஷனான கல்லாறில் நீங்கள் பார்ப்பது அதுவல்ல. அது ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை. அதில் பல் வெட்டிய இரண்டு சட்டங்கள் அருகருகே கிடக்கும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். இன்ஜினில் ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடித்திருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. ஆப்ட் ஒரு காலத்தில் ரிகன்பாக்கிடம் வேலை பார்த்தவர். நீலகிரியில் யோசனை ஒருவருடையது, பல் இன்னொருவருடையது. இருவரையும் ஒரே ஆளாக்கி எழுதாதீர்கள்.

மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டரும் பல் தண்டவாளமா? (ஈரோடு)

இல்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை மட்டும், ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஒருமுறை பயணம் செய்து ஜன்னல் வழியே கீழே பார்த்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

நீலகிரி ரயில்வே கம்பெனி 1908-ல் ஊட்டிக்கு ரயில் விட்ட சாதனையைப் பற்றி எங்கள் சங்க மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தருவீர்களா? (உதகை)

தர முடியாது. நடக்காத காரியத்துக்கு எப்படி ஒரு பக்கம் எழுதுவது?

இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று கணக்கு விட்டுவிட்டேன், இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன். நீலகிரி ரயில்வே கம்பெனி ஊட்டிப் பக்கம் ஒரு கெஜம் தண்டவாளம்கூடப் போடவில்லை. கம்பெனியின் பாதை குன்னூரோடு முடிந்தது, சுமார் 17 மைல். 1903 ஜனவரியில் அரசாங்கம் அந்தப் பாதையை 35 லட்சத்துக்கு வாங்கிக்கொண்டது. அதன் பிறகுதான் குன்னூருக்கு மேலே வேலை நடந்தது, அதுவும் அரசாங்கத்தின் பணத்தில், கிட்டத்தட்ட 24 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் செலவில். 1908 செப்டம்பர் 15-ல் ஃபெர்ன்ஹில் வரை, சரியாக ஒரு மாதம் கழித்து அக்டோபர் 15-ல் ஊட்டி வரை. அப்போது கம்பெனி கைகழுவி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் ரயில் கண்காட்சி வைத்தார்கள். பலகைகளில் எழுதப்போவதை முன்கூட்டியே என்னிடம் அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார்கள். உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். திறப்பு விழா அன்று போனால், வாசலிலேயே பெரிய பலகை: ‘1908: நீலகிரி ரயில்வே கம்பெனி ஊட்டியை எட்டிய ஆண்டு’. பொன் நிற எழுத்து. அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஏழெட்டுப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி அந்த வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டாள். பொறுப்பாளரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். “ரயில் வந்தது நிஜம்தானே சார், யார் போட்டா என்ன?” என்றார்.

யார் போட்டார்கள் என்பதுதான் வரலாறு. இதை விட்டுவிட்டால் என்னென்ன காணாமல் போகிறது என்று பாருங்கள். முதலில், 1885 முதல் 1894 வரை பணம் போட்டுப் பாதியில் நின்றுபோன கம்பெனி ஒன்று இருந்ததே காணாமல் போகிறது. அடுத்து, குன்னூர் கடைசி ஸ்டேஷனாக இருந்த ஒன்பது வருடம் காணாமல் போகிறது. 1899 முதல் 1908 வரை ஊட்டிக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் குன்னூரில் இறங்கி, மிச்சத் தூரத்தைச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். மாகாணத்தின் கோடைத் தலைநகருக்கே அதுதான் நிலைமை. இன்றைக்கும் குன்னூர் ஸ்டேஷனில் அந்தத் தடயம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டி அங்கே நேராக ஊட்டிக்குப் புறப்படாது. கொஞ்ச தூரம் பின்னால் போய், பிறகுதான் மேலே ஏறும். முன்னே ஒரு கம்பெனி கட்டி முடித்த இடத்தில் பின்னே வேறொருவர் ஒட்டுப்போட்டது அது. கடைசியாக, மேல்பாதைக்குக் கொடுத்தது பங்குதாரரின் பணமல்ல, அரசாங்கக் கஜானா என்பதும் காணாமல் போகிறது.

கம்பெனி வேறு, பாதை வேறு. மலரில் இந்த ஒரு வரியைப் போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், ஒரு பக்கமென்ன, நான்கு பக்கம் எழுதித் தருகிறேன்.

என் தாத்தா 1920-களில் நீலகிரி ரயில்வே கம்பெனியில் ஃபயர்மேனாக இருந்தார். கம்பெனி ஆவணங்களில் அவர் பெயரை எப்படித் தேடுவது? (மேட்டுப்பாளையம்)

தாத்தா மலைப்பாதையில் வேலை பார்த்திருப்பார், ஆனால் அந்தக் கம்பெனியில் அல்ல. அவர் காலத்தில் அந்தக் கம்பெனி இல்லை. தொடக்கத்திலிருந்தே வண்டியை ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே, ஒப்பந்தத்தின் பேரில். 1908 ஜனவரி 1 முதல் அந்தப் பொறுப்பு தென்னிந்திய ரயில்வேக்கு, அதாவது எஸ்.ஐ.ஆருக்கு, மாறியது. எனவே உங்கள் தாத்தாவுக்குச் சம்பளம் கொடுத்தது எஸ்.ஐ.ஆர். அந்தப் பெயரில் தேடுங்கள். வீட்டில் பழைய பாஸோ, பித்தளை வில்லையோ, பொத்தானோ இருந்தால் எழுத்தைப் பாருங்கள். அதை பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்; எழுத்து போனால் சாட்சியும் போயிற்று. 1944-ல் எஸ்.ஐ.ஆரை அரசு எடுத்துக்கொண்டது, 1951-ல் அது தெற்கு ரயில்வேக்குள் சேர்ந்தது. ஓய்வு பெற்ற வருடம் தெரிந்தால் எந்தப் பெயரில் தேடுவது என்பது தானாகத் தெரியும்.

அவர் கரி அள்ளிப் போட்ட இன்ஜின் அநேகமாக எக்ஸ் வகை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தது. 1914-லிருந்து 1925 வரை 12 வந்தன, 1952-ல் இன்னும் 5. நான்கு சிலிண்டர், ஐம்பது டன் எடை.

ஏலத்தில் நீலகிரி ரயில்வே கம்பெனியின் பங்குப் பத்திரம் என்று 1905-ஆம் வருடத் தேதியிட்ட ஒன்று வருகிறது. வாங்கலாமா? (சென்னை)

1903 ஜனவரியில் பாதையை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்ட கம்பெனி, 1905-ல் எதை வைத்துப் பங்கு விற்கும்? வாங்காதீர்கள். பொதுவாகவே, மலை ரயில் பெயரில் விற்கிற காகிதம் எதுவானாலும் முதலில் தேதியைப் பாருங்கள், பிறகு விலையைக் கேளுங்கள். விலை மதிப்பிட்டுச் சொல்லும் வேலை என்னுடையதல்ல. அப்படிக் கேட்டு வந்த மற்ற மூன்று கடிதங்களுக்கும் இதுதான் பதில்.

கம்பெனிக்கு லாபமா நஷ்டமா? (திருப்பூர்)

முதல் கம்பெனிக்கு நஷ்டம், அதில் சந்தேகமே இல்லை. ரயில் ஓடுவதற்கு முன்பே மூடிவிட்டார்கள். இரண்டாவது கம்பெனி வண்டி ஓட ஆரம்பித்து நாலு வருடம்கூட முடியுமுன் பாதையை விற்றது. மலையைக் குடைந்து 17 மைல் போட்டவர்கள், பயன் வரும் காலத்துக்குக் காத்திருக்கவில்லை. 35 லட்சத்தை 17-ஆல் வகுத்தால் மைலுக்கு இரண்டு லட்சம் என்று வரும். குன்னூர்–ஊட்டி 12 மைலுக்குச் செலவான 24 லட்சத்தை வகுத்தாலும் மைலுக்கு இரண்டு லட்சம்தான். இதைப் பார்த்து இரண்டு பாதைக்கும் ஒரே செலவு என்று எழுதிவிடாதீர்கள். முதலாவது வாங்கிய விலை, இரண்டாவது கட்டிய செலவு. கீழே பல் சட்டம் உண்டு, சரிவு பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி. மேலே பல் கிடையாது, இருபத்தைந்து அடிக்கு ஓர் அடி. அரசாங்கம் கீழ்ப்பாதையை மலிவாக வாங்கியது என்பதுதான் என் கருத்து.

மேட்டுப்பாளையம் வரை அகலப்பாதை இருந்தும் மலைக்கு ஏன் மீட்டர் கேஜ்? (சேலம்)

200-க்கும் மேற்பட்ட வளைவுகள். அகலப்பாதை வண்டி அந்த வளைவுகளில் திரும்பாது. திரும்பும்படி செய்ய வேண்டுமானால் மலையை இன்னும் வெட்ட வேண்டும், அதற்குப் பணம் ஏது? போத்தனூர்–மேட்டுப்பாளையம் பாதை 1873-லேயே வந்துவிட்டது, ஆனால் மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதை. அதனால்தான் மூட்டையும் ஆளும் மேட்டுப்பாளையத்தில் வண்டி மாற வேண்டியிருந்தது. இன்றும் நீலகிரி எக்ஸ்பிரஸில் விடியற்காலை வந்து இறங்குகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ரயிலுக்கு நடக்கிறார்கள்.

யுனெஸ்கோ அங்கீகாரம் எந்த ஆண்டு? (மதுரை)

2005. டார்ஜிலிங்குக்கு 1999, கால்கா–சிம்லாவுக்கு 2008. மூன்றும் ‘இந்திய மலை ரயில்கள்’ என்ற ஒரே பெயரின் கீழ்.

மலை ஏறும்போது இன்ஜின் ஏன் பின்னால் இருக்கிறது? (திருச்சி)

இழுத்துக்கொண்டு போகும்போது கொக்கி அறுந்தால் பெட்டிகள் கீழே ஓடிவிடும். பின்னால் நின்று தள்ளினால் ஓட இடமில்லை. இறங்கும்போதும் இன்ஜின் பள்ளத்துப் பக்கம்தான். ஏறும்போது டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது, பெட்டிகள்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டிக்காரர் பச்சைக்கொடி காட்ட, அது கைமாறிப் பின்னால் டிரைவர் வரை வருகிறது. பெட்டிகளிலும் இரண்டு பிரேக்: ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று பல்லுக்கு. வண்டி நகரும்போது பிரேக்ஸ்மேனைச் செல்ஃபிக்கு நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் கை பிரேக்கில் இருக்க வேண்டிய நேரம் அது.

கல்லாறு தாண்டியதும் வண்டி நடப்பதுபோல் மெதுவாகிறதே, ஏதாவது கோளாறா? என் மகள் கேட்கிறாள், ஏழாம் வகுப்பு. (கோபிசெட்டிபாளையம்)

வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி இதுதான். கோளாறு இல்லை. அங்கேதான் இன்ஜினின் பல்சக்கரம் பல் சட்டத்துக்குள் நுழைகிறது. பல்லும் பள்ளமும் நேராக அமையாமல் மோதினால் உடைந்துவிடும். அதனால் சட்டத்தின் முதல் துண்டு கெட்டியாகப் பதிக்கப்படாமல், ஸ்பிரிங்மேல் கிடக்கிறது. பல் மேலேறி உட்கார்ந்தால் அது கொஞ்சம் அமுங்கி, நகர்ந்து கொடுத்து, பல்லைப் பள்ளத்துக்குள் விடும். டிரைவர் அதற்காகத்தான் ஆள் நடக்கிற வேகத்துக்குக் குறைக்கிறார். பல் சேர்ந்த பிறகும் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அடுத்த முறை அந்த இடத்தில் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். காலுக்கடியில் கடக்கென்று ஒரு சத்தம் வரும், பிறகு அந்தத் தடதடப்பு மாறி ஒரே சீரான அரைப்பாகிவிடும். அந்தக் கடக் எந்த மரத்தருகே கேட்டது என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.