சிரிக்க ஆளில்லாத அறை

அன்புள்ள ஐயா,

நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க நகைச்சுவைப் பதிவுகளை அலுவலகம் போகும் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுவருகிறேன். வோட்வில் என்ற பல்சுவை மேடைகளில் கொடிகட்டிப் பறந்தவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஓர் இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. கால் ஸ்டூவர்ட் என்பவர் தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கிறார், எரிச்சலாக வருகிறது. நகைச்சுவைக்கே ஆயுள் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா? சாப்ளின் மட்டும் எப்படி நிற்கிறார்? இதில் பல பதிவுகள் கறுப்பர்களைக் கேலி செய்கின்றன. அவற்றை இன்றைக்குக் கேட்கத்தான் வேண்டுமா? கேட்கலாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகர், ஈரோடு

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அந்தக் காலத்துக் கறுப்பினப் பாடகர் ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சனின் சிரிப்பைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

சாப்ளினை இதில் இழுக்காதீர்கள். அவர் குரலே இல்லாமல் உடம்பால் ஜெயித்தவர். நீங்கள் கேட்டவர்கள் உடம்பை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லப்பட்டவர்கள். ஆயுள் பற்றிய கேள்வியும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது ஒரே ஒரு வரி: ‘தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கிறார்.’ அங்கே வேறு யார் சிரிப்பார்கள் என்று நீங்கள் ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

வோட்வில் என்பது ஒரே இரவில் எட்டு ஒன்பது உருப்படிகள். பாட்டுக்காரி, கழைக்கூத்தாடி, பழக்கிய நாய்கள், நடுவில் கோமாளி. அந்தக் கோமாளி தன் கால் மணி நேர உருப்படியைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலேறி ஊர் ஊராகப் போவான். ஊர் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே உருப்படி பல வருடம் சோறு போடும். ஆனால் எந்த இரண்டு இரவும் ஒன்றுபோல இருக்காது. கூட்டம் எங்கே சிரிக்கிறது, எவ்வளவு நேரம் சிரிக்கிறது, அது அடங்கத் தொடங்கும்போது எந்த நொடியில் அடுத்த வரியைப் போடுவது என்பதுதான் அவன் தொழில். வரி அவனிடம் இருந்தது. தாளம் கூட்டத்திடம் இருந்தது.

அந்த மனிதனைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் அறையில் தகரப் புனல் முன்னால் நிறுத்தினார்கள். 1925-ல் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை மைக் கிடையாது. அவன் குரலின் அதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கீற வேண்டும். முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் சொல் போய்விடும். கண்ணை உருட்டினால் பார்க்க யாருமில்லை. மேடையில் கால் மணி நேரம் விரித்ததை, ஒலி பதியும் மெழுகு உருளையில் இரண்டு நிமிடத்துக்குள் அடக்க வேண்டும், இசைத்தட்டு என்றால் மூன்று நிமிடம். வெட்டி ஒட்டும் வசதி இல்லை. தடுமாறினால் புது மெழுகில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இவ்வளவுக்கும் மேலே, அறையில் இருக்கும் ஆட்கள் சிரிக்கக் கூடாது. சிரித்தால் அதுவும் பதிந்துவிடும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே நான் கண்ணால் பார்த்துவிட்டேன். எங்கள் தெருவில் ஸ்பெஷல் நாடகத்துக்குப் பபூன் வேஷம் கட்டும் ஒருவர் இருந்தார், எனக்கு மாமா முறை. வள்ளி திருமணம் நடக்கும் இரவுகளில் பத்து மணிக்கு மேல் அவர் மேடைக்கு ஓடி வருவார். வாயைத் திறப்பதற்கு முன்பே பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். கேசட் காலத்தில் ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டது. துணைக்கு நானும் போனேன். ஆர்மோனியக்காரரையும் மிருதங்கக்காரரையும் மூச்சுக்கூடச் சத்தமாக விடக் கூடாது என்று எச்சரித்துவிட்டார்கள். மாமா முதல் துணுக்கைச் சொல்லிவிட்டு வழக்கம்போல நிறுத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். மாமா அடுத்ததைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். அதற்கடுத்ததை இன்னும் வேகமாக. ஊரையே உருட்டிய மனிதர் பாடம் ஒப்பிக்கும் பையனாக ஆகிப்போனார். வெளியே வந்து, “மருமவனே, செவுத்துக்கிட்ட பேசின மாதிரி இருந்துச்சுடா” என்றார். பேசிய பணத்தில் பாதியைத்தான் கொடுத்தார்கள். அவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் அந்த அமைதி. கேசட் வந்த பிறகு அதை யாராவது போட்டால் எழுந்து போய்விடுவார்.

அந்தக் கேசட்டை மட்டும் கேட்டுவிட்டு ‘இந்த ஆளிடம் என்ன இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் வந்தது அதே கோபம்தான்.

கால் ஸ்டூவர்ட் 1890-களின் கடைசியிலிருந்து 1919-ல் சாகும்வரை ‘அங்கிள் ஜாஷ்’ என்ற பட்டிக்காட்டுக் கிழவராகப் பேசிப் பதிந்தார். பம்ப்கின் சென்டர் என்ற கற்பனைக் கிராமத்துக்காரர் நியூயார்க்குக்கு வந்து டிராமையும் பெரிய கடைகளையும் பார்த்து விழிப்பதுதான் கதை. கதை நடுவே ஒரு சிரிப்பு வருமே, அது அவருடைய கண்டுபிடிப்பு என்றே நான் சொல்வேன். அறையில் இல்லாத கூட்டத்தை அவர் தன் தொண்டைக்குள் கொண்டுவந்தார். அதைக் கேட்டவர்களையும் நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கூடத்தில் ஒரு பெட்டியைப் பார்த்துச் சிரிப்பது அதுவரை மனிதர்களுக்குப் பழக்கமே இல்லாத காரியம். யாராவது முதலில் சிரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

எட் வின் என்ற கோமாளி நடிகரின் கதை இன்னும் தெளிவு. வோட்வில்லில் வளர்ந்து, நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் பெரிய பெயர் எடுத்தவர். 1922-ல் நியூவர்க் நகர வானொலி நிலையத்துக்குத் தன் நாடகத்தோடு போனார். பேசினார். அமைதி. அவருக்கு உதறல் எடுத்து, கட்டடத்தில் இருந்த துப்புரவுப் பெண்களையும் வேலையாட்களையும் கூட்டிவரச் சொல்லி எதிரே நிறுத்திக்கொண்டு மிச்சத்தைச் செய்தார் என்பது வானொலி வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. பத்து வருடம் கழித்து அவருக்கென்று ஒரு வானொலி நிகழ்ச்சி கிடைத்தபோது கூட்டத்தை உட்கார வைத்து, ஒப்பனையும் கோமாளி உடுப்பும் போட்டுக்கொண்டுதான் மைக் முன்னால் நின்றார். வானொலியில் உடுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கலை ஒருநாளும் பிடிபடாது.

பேசும்படம் வந்தபோதும் இதே கதைதான். 1929-ல் ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேசி ஆலன் என்ற நகைச்சுவை ஜோடி தங்கள் மேடை உருப்படியை வைட்டஃபோன் என்ற ஆரம்பகாலப் பேசும்பட முறையில் குறும்படமாகச் செய்தார்கள். உள்ளே வந்ததுமே கிரேசி எதையோ தேடுகிறார். என்ன தேடுகிறாய் என்று ஜார்ஜ் கேட்கிறார். கூட்டத்தைத் தேடுகிறாராம். ஜார்ஜ் கேமராவைக் காட்டுகிறார். எனக்குத் தெரிந்து இந்தக் கலைஞர்களின் நிலைமையை அவர்களே இவ்வளவு நேராகச் சொன்ன இடம் வேறு இல்லை.

இப்போது ஜான்சன். ‘கேட்கத்தான் வேண்டுமா’ என்று சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள். வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பர். நியூயார்க்கில் தெருவில் பாடி, விசிலடித்துப் பிழைத்தவர். 1890 வாக்கில் ஒலிப்பதிவுக்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். அவருடைய சிரிப்புப் பாட்டில் வழியில் போகிறவர்கள் அவர் நிறத்தையும் வாயையும் கேலி செய்கிறார்கள். அதற்கு அவர் பதில், தாளத்துக்குச் சரியாக விழுகிற ஒரு நீண்ட சிரிப்பு. உருளையை அச்சில் வார்க்கும் முறை 1902 வாக்கில்தான் பரவியது. அதற்கு முன்பு ஒரு முறை பாடினால் சில உருளைகள்தான் கிடைக்கும். ஆகவே ஒரே நாளில் அதே வசவைப் பாடி, அதே சிரிப்பைத் திரும்பத் திரும்பச் சிரிக்க வேண்டும். ஒரு முறை பாடினால் கூலி 20 சென்ட். ஆயிரக்கணக்கான உருளைகள் விற்றன, ஒவ்வொன்றுக்கும் அந்தத் தொண்டை உழைத்தது. அச்சு முறை வந்ததும் அவர் திரும்பப் பாட வேண்டிய தேவை போனது, வருமானமும் போனது. கூடப் பதிவு செய்த லென் ஸ்பென்சரின் அலுவலகத்தில் வாசல் காவலராக இருந்தார். 1914-ல் இறந்தார். 1922-ல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் பென்ரோஸ் அதே மெட்டில் போலீஸ்காரரைப் பற்றி வேறு வரிகள் போட்டுச் சிரித்தார். அந்தத் தட்டு உலகமெல்லாம் போனது.

அவரைக் கேலி செய்கிறது என்பதற்காக அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டால், கேலி செய்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. போவது ஜான்சனின் குரல் மட்டும்தான். தயவுசெய்து அந்த நல்லெண்ணத்தோடு அவரிடம் போகாதீர்கள். மேடைக் கோமாளி பர்ட் வில்லியம்ஸிடமும் போகாதீர்கள். பஹாமாஸில் பிறந்த அவர் கறுப்பராக இருந்தும் முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் மேடையேற வேண்டியிருந்தது. அவர் 1906-ல் பதிந்த ‘நோபடி’யில் (‘யாருமில்லை’) பாதிப் பேச்சாகவும் பாதிப் பாட்டாகவும் ஒரே சொல்லை இழுத்து இழுத்து விடுவதைக் கேளுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். நாட் வில்ஸ் 1908-ல் பதிந்த ‘நோ நியூஸ்’ இருக்கிறது. ஊர் திரும்பும் முதலாளியிடம் வேலைக்காரன், செய்தி ஒன்றுமில்லை, நாய் செத்துப்போச்சு, அவ்வளவுதான் என்கிறான். எப்படிச் செத்தது என்று கேட்கக் கேட்க, வெந்த குதிரை மாமிசம், எரிந்த கொட்டடி, எரிந்த வீடு, சவப்பெட்டி மெழுகுவத்தி என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. இதற்கு முகம் வேண்டாம், கூட்டம் வேண்டாம், இன்றைக்கும் வேலை செய்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் ஆயிரக்கணக்கான உருளைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்டூவர்ட்டும் ஜான்சனும் அங்கே கிடைப்பார்கள்.

ஆனால் பேருந்தில் கேட்காதீர்கள். காதிலிருந்து அதைக் கழற்றுங்கள். வீட்டில் இரண்டு பேரையாவது கூட உட்கார வைத்துக்கொண்டு சத்தமாகப் போடுங்கள். ஆங்கிலம் தெரியாத பெரியவர் யாராவது இருந்தால் முதலில் ஜான்சன்தான். அந்தப் பெரியவர் கட்டாயம் சிரிப்பார். சிரித்து முடித்ததும், அந்தப் பாட்டின் வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.