அறுபது கட்டங்கள்

வணக்கம்.

பொறியியல் கல்லூரியில் பாய்ம இயக்கவியல் நடத்துகிறேன். என் பாடத்தின் 5 'அவுட்கம்'களையும் (படித்து முடிக்கும்போது மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் வரிகள்) பட்டப்படிப்பின் 12 அவுட்கம்களோடு பொருத்தி, கட்டம் கட்டமாக 3 (வலுவான தொடர்பு), 2, 1 (லேசான தொடர்பு) என்று போட்டு அனுப்ப வேண்டும். இந்த வாரம் முழுக்க அதிலேயே போயிற்று. தரம், பொறுப்புக்கூறல் என்று சொல்லி நடக்கும் இதையெல்லாம் ஒழித்துக்கட்டினால்தான் என்ன?

க.

அன்புள்ள க.,

ஒழிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த அறுபது கட்டங்களை நானும் நிரப்பியிருக்கிறேன், நள்ளிரவில், போன வருடத்து அட்டவணையைப் பார்த்துக் காப்பியடித்து.

ஆனால் இது வருவதற்கு முன்பு மட்டும் என்ன வாழ்ந்தது? மஞ்சளேறிய நோட்ஸை வருடா வருடம் வாசித்துவிட்டுப் போகிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. காசும் காலமும் போட்டுப் படிக்கிறவர் 'முடிக்கும்போது எனக்கு என்ன தெரிந்திருக்கும்?' என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். 1989இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும், ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்பை இன்னொரு நாடு நம்பி ஏற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

சிக்கல் வேறு இடத்தில். நான் ஒரு பாடத்திட்டக் குழுவில் இருந்தபோது, 'மாணவர் கருத்தைப் புரிந்துகொள்வார்' என்று எழுதியதை அடித்துவிட்டு 'பட்டியலிடுவார்' என்று திருத்தினார்கள். புரிந்துகொள்வதை அளக்க முடியாதாம். சரி, வெறும் சொல்தானே என்று விட்டோம். அப்புறம் அந்தச் சொல்லுக்கேற்ற கேள்வி வந்தது, கேள்விக்கேற்ற நடத்தல் வந்தது, இரண்டே வருடத்தில் எங்கள் மாணவர்கள் உண்மையாகவே பட்டியலிட மட்டும் பழகியிருந்தார்கள். விடை இன்னதென்று முன்கூட்டியே சொல்ல முடியாத ஒரு திறந்த செய்முறைப் பயிற்சி இருந்தது, பாதிப் பேர் அதில் தோற்பார்கள், தோற்றுத்தான் கற்பார்கள். எத்தனை பேர் அவுட்கமை எட்டினார்கள் என்ற அடைவு சதவீதத்தைக் கீழே இழுக்கிறது என்று அதையும் தூக்கிவிட்டோம். மேலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை. நாங்களே செய்தோம், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த வினைச்சொற்களுக்கெல்லாம் மூலமான, கற்றலைப் படிநிலைகளாகப் பிரிக்கும் புளூம் வகைப்பாடு 1956இல் வெளிவந்தது. பல கல்லூரிகளின் தேர்வாளர்கள் தங்களுக்குள் வினாக்களைப் பரிமாறிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டும் என்று 1948இல் பேச ஆரம்பித்ததில் விளைந்தது அது. வினாக்களை அடுக்கிவைக்கச் செய்த அலமாரி, இன்று என்ன நடத்தலாம் என்று நமக்கே சொல்கிறது. அளக்கச் சொல்கிறவர்களுக்கும் இதன் பாரம் தெரியாமலில்லை: அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பு 2019-20 சுற்றிலிருந்து தன் 11 அவுட்கம்களை 7 ஆகச் சுருக்கிக்கொண்டது.

ஆகவே கட்டங்களைச் சீக்கிரம் நிரப்பி அனுப்பிவிடுங்கள், அதில் உயிரை விடாதீர்கள். சண்டையைப் பாடத்திட்டக் கூட்டத்துக்கு மிச்சம் வையுங்கள், 'இதை அளக்க முடியாது, எடுத்துவிடலாம்' என்று யாராவது சாதாரணமாகச் சொல்வார்கள் பாருங்கள், அந்த நிமிடத்துக்கு.

இன்னொன்று கேட்கிறேன். அந்த 5 அவுட்கம்களை மாணவர்களிடம் காட்டினீர்களா? பார்வையிட வரும் குழுவுக்குக் காட்டியதோடு சரி என்றுதான் நானும் பல வருடம் இருந்தேன். போன பருவத்தின் கடைசி வகுப்பில் என்னவோ தோன்றி, பலகையில் எழுதிப்போட்டேன். மூன்றாவது வரியைப் படித்துவிட்டு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், இதை நீங்கள் நடத்தவே இல்லையே?"

ஆமாம், நடத்தவில்லை. அட்டவணையில் அதற்கு நேராக 3 போட்டிருந்தேன்.