அஸ்கஸ் என்று வந்த ஸ்லைடைக் கம்ப்யூட்டரில் மறுபடி பார்ப்பது பிரயோஜனமா?

அம்மாவின் பாப் ஸ்மியர் (கருப்பை வாயிலிருந்து செல் எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில் 'அஸ்கஸ்' (செல்லில் மாற்றம் தெரிகிறது, இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை) என்று வந்திருக்கிறது, கூடுதலாகப் பணம் கட்டினால் கோயமுத்தூர் லேபில் கம்ப்யூட்டர் வைத்து மறுபடி பார்ப்பார்களாம், கட்டலாமா என்று கோபியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோயை வரவழைக்கும் வைரஸ்) டெஸ்டுக்கு வையுங்க.

மிஷின் வந்தால் பிழைப்பு போய்விடும் என்று லேப்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று கீழே யாராவது எழுதுவார்கள். மிஷினோடு எனக்கு ஒரு பகையும் இல்லைங்க. அது எதற்காக வந்ததோ அதை நன்றாகவே செய்யும். 1995ல் அமெரிக்காவில் பாப்நெட் என்ற கம்ப்யூட்டர் மிஷினுக்கு அனுமதி கொடுத்ததே, நார்மல் என்று ஒதுக்கிய ஸ்லைடுகளில் கண் தவறவிட்டது உண்டா என்று தேடத்தான். ஸ்லைடை ஸ்கேன் செய்து, சந்தேகப்படும்படியான 128 படங்களைத் திரையில் காட்டியது. 2003ல் வந்த தின்பிரெப் இமேஜர் என்ற மிஷின் ஸ்லைடில் 22 இடங்களைக் குறித்துக் கொடுக்கும். அதில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் ஸ்லைடு முழுவதையும் ஆள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அஸ்கஸ்ஸில் செல் ஏற்கெனவே கண்ணில் பட்டாயிற்று. நியூக்ளியஸ் சாதாரண இடைநிலைச் செல்லில் இருப்பதைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு பரப்பு இருக்கும். அதற்கு மேல் போய், ஓரமும் கோணலாக, நிறமும் கருத்திருந்தால் எல்சில் (லேசான, ஆனால் நிச்சயமான மாற்றம்) என்று துணிந்து எழுதலாம். நடுவில் நிற்பதால்தான் அஸ்கஸ். கம்ப்யூட்டரும் அதே செல்லைத்தான் காட்டப்போகிறது. ஸ்லைடின் வேறு மூலையில் இதைவிட மோசமான செல் இருந்தால் எடுத்துக் கொடுக்கும், அந்த மட்டும் லாபம்.

ஸ்லைடு எடுத்த விதத்தாலும் அஸ்கஸ் வரும். ஸ்மியரைத் தடவிய கையோடு 95 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும், குறைந்தது 15 நிமிடம் ஊற வேண்டும். முகாம்களில் மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, ஸ்லைடை மேஜையில் வைத்துவிட்டுப் பெயர் எழுதுவார்கள். அதற்குள் காய்ந்துவிடும். காய்ந்த செல் பரந்து, நியூக்ளியஸ் பெரிதாகி வெளுத்துத் தெரியும். அதுவே ஒரு அஸ்கஸ். பெயரையும் பென்சிலில் எழுதாமல் மார்க்கரில் எழுதுவார்கள், ஆல்கஹால் அதைக் கழுவிவிடும். கூட வரும் சீட்டில் வயது இருக்காது, கடைசி மாதவிடாய் தேதி இருக்காது. மாதவிடாய் நின்றவர்களுக்குச் செல் மெலிந்து, பார்க்கச் சந்தேகமாகவே இருக்கும். அது தெரியாமல் என்னத்தை எழுதுவது? கடைசியில் பழி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவர் தலையில். ரிப்போர்ட் வாங்க வருவதும் மகனோ வீட்டுக்காரரோதான், அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அது வேறு கதை, விடுங்க.

லேபில் முதலில் கேட்க வேண்டியது, ஸ்லைடு நேரடியாகத் தடவியதா, செல்லைத் திரவ பாட்டிலில் போட்டு எடுத்ததா என்று. தடவியதை தின்பிரெப் இமேஜர் படிக்காது. எச்பிவிக்கும் புதிதாக சாம்பிள் எடுக்க வேண்டும். திரவம் என்றால் பாட்டிலில் மிச்சமிருப்பதிலேயே எச்பிவி பார்க்கலாம். ஆனால் உடனே கேளுங்க, தின்பிரெப் பாட்டிலுக்கு அறை வெப்பத்தில் ஸ்லைடு போட ஆறு வாரம்தான் கணக்கு, லேபும் ரொம்ப நாள் வைத்திருக்காது.

எச்பிவி பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோபி, அதாவது கருப்பை வாயை லென்ஸ் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது. நெகட்டிவ் என்றால் பொதுவாக மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் போதும். எச்பிவிக்கு வழியே இல்லையென்றால் ஒரு வருடத்தில் மறுபடி ஸ்மியர். மாதவிடாய் நின்றவர் என்றால் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கச் சொல்லும் டாக்டரும் உண்டு. யாருக்கு ஆகும், ஆகாது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் இருப்பது அஸ்கஸ் இல்லை, ஏஎஸ்சி-எச் (தீவிர மாற்றமோ என்ற சந்தேகம்) என்றால் மேலே சொன்ன எதற்கும் காத்திராமல் நேராக கால்போஸ்கோபிக்குப் போங்க.

இன்னொரு கண் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஸ்லைடையே வாங்கி வேறு சைட்டாலஜிஸ்ட்டிடம் (செல்லைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர்) காட்டுங்க. பிளாஸ்டிக் ஸ்லைடு பெட்டியில் வாங்குங்க, பேப்பரில் மடித்தால் பஸ்ஸில் உடைந்துவிடும். ஸ்லைடில் இருக்கும் நம்பரும் ரிப்போர்ட் நம்பரும் ஒன்றுதானா என்று கவுன்டரிலேயே பார்த்துக்கொள்ளுங்க.