கோர்ஸுக்குப் பணம் கட்டுமுன் இந்த ஒரு கேள்வி

குலசேகரத்திலிருந்து எழுதிய தம்பிக்கு,

கழக்கூட்டம் டெக்னோபார்க் நேர்காணலில், "டைம்அவுட் வைத்தும் புரோகிராம் தொங்கினால் எங்கே பார்ப்பாய்?" என்ற கேள்வியில் தடுமாறிவிட்டாய். (டைம்அவுட் என்றால் ஒரு வேலைக்கு வைக்கும் நேரக் கெடு.) அதற்காக அப்பா கடன் வாங்கி நாகர்கோவிலில் கோர்ஸில் சேர்க்க வேண்டுமா? இப்போதைக்கு வேண்டாம் மக்களே. முதலில் இந்தக் கேள்வியை முழுசாகப் படி.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர் அல்லவா? சிரட்டை நிறையும்வரை ஒரே மரத்தடியில் நிற்கமாட்டார், அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். பைத்தானில் பல வேலைகளை மாறிமாறி ஓட்டும் ஏசிங்க்ஐஓ-வின் ஈவென்ட் லூப்பும் அப்படித்தான், ஒரு வேலை காத்திருக்கும்போது அடுத்ததற்குப் போய்விடும். ஆனால் கெடு முடிந்ததா என்று பார்ப்பதும் அதே லூப்தான். பலர் கோட்டை விடும் இடம் இது.

பைத்தான் 3.11-இல் வந்த ஏசிங்க்ஐஓ டைம்அவுட்டில் 2 வினாடி கெடு வை. உள்ளே, லூப்பையும் சேர்த்து நிறுத்திவைக்கும் சாதாரண டைம்.ஸ்லீப் 10 வினாடி மட்டும் போட்டு ஓட்டு. பத்து வினாடியும் ஓடி, ஒரு எரர்கூடக் காட்டாமல் முடியும்! லூப்பிடம் கட்டுப்பாடு திரும்பவே இல்லை, பிறகு கெடுவை யார் பார்ப்பது? அதையே அவெய்ட் (காத்திருக்கும்போது கட்டுப்பாட்டை லூப்பிடம் கொடுக்கும் சொல்) போட்டு ஏசிங்க்ஐஓ.ஸ்லீப் ஆக்கு. இரண்டாவது வினாடியில் டைம்அவுட்எரர் வந்து நிற்கும்.

அப்புறம், கெடு முடிந்ததும் டாஸ்க் (லூப் ஓட்டும் ஒரு வேலை) தானாகச் சாவதில்லை. அவெய்ட்டில் நிற்கும் இடத்தில், வேலை ரத்து என்று சொல்லும் கேன்சல்ட்எரர் எழும். எந்த எரரையும் பிடித்துவிடும் வெறும் எக்ஸெப்ட் எழுதி அதை விழுங்கிவிட்டால் வேலை பாட்டுக்கு ஓடும். டைம்அவுட்எரரை டைம்அவுட் பிளாக்குக்கு வெளியேதான் பிடிக்க வேண்டும். டைம்.ஸ்லீப் போல லூப்பைப் பிடித்துவைக்கும் பிளாக்கிங் வேலையைத் தவிர்க்கவே முடியாவிட்டால், அதைத் தனி த்ரெட்டில் ஓட்டும் டு_த்ரெட் இருக்கிறது. ஆனால் கெடு முடிந்த பிறகும் அந்த த்ரெட் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதை நீயாகவே சொன்னால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, தொங்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏசிங்க்ஐஓ-வின் டீபக் மோடை (பிழை தேட உதவும் முறை) போடு. 0.1 வினாடிக்கு மேல் லூப்பைப் பிடித்துவைத்த டாஸ்க் எது என்று லாக்கில் (பதிவில்) வரும். நேர்காணலில் எதிர்பார்த்த பதில் பெரும்பாலும் இதுதான்.

ரெஸ்யூமில் "ஏசிங்க்ஐஓ தெரியும்" என்று மொட்டையாக எழுதாதே. இந்தச் சோதனைகளை கிட்ஹப்பில் போட்டு, லிங்கைக் கொடு.

அப்பாவுக்கு: ஐயா, கோர்ஸ் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், ஃபீஸ் கட்டுமுன் தம்பியை டெமோ வகுப்புக்கு அனுப்புங்கள். அந்த டைம்.ஸ்லீப் சோதனையை அங்கே சாரிடம் கேட்கட்டும். அவர் ஓட்டிக் காட்டி விளக்கினால் சேருங்கள்.