மசாலா வணிகத்தில் சிறிய இஸ்லாமிய அரசுகளுக்கு உண்மையில் என்ன பங்கு இருந்தது?

பெரும் பங்கு. தெர்னாத்தே, திதோரே என்ற இரண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய இந்தோனேசியாவின் மலுக்கு பகுதியில், எதிரெதிரே நிற்கும் இரண்டு எரிமலைத் தீவுகள். ஒரு காலத்தில் உலகத்துக் கிராம்பு முழுவதும் இவற்றிலும் பக்கத்திலிருந்த சில தீவுகளிலும் மட்டுமே விளைந்தது. மலர்வதற்கு முன்பே மொட்டைப் பறித்து, கரும்பழுப்பாகும்வரை வெயிலில் காயவைப்பார்கள்.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு அரசர்களும் இஸ்லாத்தைத் தழுவினர். மலாக்கா, ஜாவா வணிகர்களுடன் உறவு இறுகியது. கிராம்பு மேற்கே போனது. அரிசியும், குஜராத், சோழமண்டலக் கரைத் துணிகளும் வந்தன. நம் நெசவாளர்களின் துணி அங்கே கிட்டத்தட்டப் பணமாகவே புழங்கியது.

இவர்களை வெறும் இடைத்தரகர்களாக எழுதுவதை நான் ஏற்பதில்லை. 1512இல் போர்த்துகீசியர் வந்ததும் தெர்னாத்தே அவர்களோடு கைகோத்தது; 1521இல் வந்த ஸ்பானியரைத் திதோரே வரவேற்றது. தங்களுக்குள் இருந்த பகையைத் தீர்க்க ஐரோப்பியரையே ஆயுதமாக்கினார்கள். 1570இல் போர்த்துகீசியர் தெர்னாத்தே சுல்தான் ஹைருனைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துக் கொன்றனர். மகன் பாபுல்லா அவர்களின் கோட்டையை ஐந்து ஆண்டுகள் முற்றுகையிட்டு, 1575இல் அவர்களை வெளியேற்றினார். அன்றைய பெரும் கடற்படை வல்லரசு ஒன்றை ஒரு சின்னஞ்சிறு தீவின் சுல்தான் விரட்டினார்!

டச்சுக்காரர்கள் வேறு வழியில் வென்றார்கள். 1652இல் தெர்னாத்தே சுல்தான் மந்தர்ஷாவுக்கு ஆண்டுத்தொகை பேசி, கிராம்பு மரங்களையே வெட்டவைத்தார்கள். தங்கள் பிடியில் இருந்த அம்போன் தீவுப் பகுதியில் மட்டுமே பயிரிட விட்டார்கள்.