டிஸ்க் பிதுங்கியிருந்தால் ஆபரேஷன்தானா?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்கிறேன். வயது 42. சர்க்கரை, பிரஷர் இல்லை. ஐந்து வாரமாக இடுப்பில் தொடங்கி இடது தொடை, கெண்டைக்கால் வழியாகப் பெருவிரல் வரை சுள்ளென்று இழுக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கீழ் முதுகெலும்புகளுக்கு நடுவே எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற இரண்டு இடத்திலும் டிஸ்க் (ஜவ்வு) பிதுங்கி இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார். கத்தி வைத்தால் கால் விளங்காமல் போய்விடும், நீவிவிட்டு ஜவ்வை உள்ளே தள்ளிவிடலாம் என்கிறார் மாமா. எதைக் கேட்பது? மே மாதம் ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு பைக்கில் போகலாமா?

பதில்: ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாகக் குதிகாலால் மட்டும் பத்தடி நடந்து பாருங்கள். இடது பாதத்தின் முன்பகுதி வலது பாதத்தைப் போலவே தூக்கி நிற்கிறதா? அப்புறம் உட்கார்ந்துகொண்டு இரண்டு பெருவிரல்களையும் மேல்நோக்கித் தூக்குங்கள். வீட்டில் ஒருவர் தன் விரலால் அவற்றை மாறி மாறிக் கீழே அழுத்தட்டும். வலது விரல் எதிர்த்து நிற்கிற அளவுக்கு இடதும் நிற்க வேண்டும். கடைசியாக, சுவரைப் பிடித்தபடி இடது காலில் மட்டும் நின்று குதிகாலைப் பத்து முறை உயர்த்துங்கள்.

மூன்றும் சரியாக வந்தால் அவசரப்பட வேண்டாம். பெருவிரல் தளர்ந்து விழுகிறது, பாதம் தரையைத் தேய்க்கிறது என்றால் நாள் கடத்தாமல் முதுகெலும்பு அல்லது நரம்பு அறுவை மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் வராமல் நின்றுவிட்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் சோர்ந்தாலோ அது நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். அதில் தாமதித்தால் இழந்தது திரும்பாமலே போகலாம்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. 40 வயதுக்காரர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஆகவே படத்தில் இருப்பதெல்லாம் நோய் ஆகாது; வலி போகும் பாதையோடு அது பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பெருவிரல் வரை இறங்கும் வலி பெரும்பாலும் இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் எல்5 என்ற நரம்புடையது. எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கினால் வழக்கமாக அழுந்துவதும் அதே நரம்புதான். எல்5-எஸ்1 பிதுக்கம் உங்களுக்குத் தொல்லை தரவில்லை என்றே நினைக்கிறேன். தந்திருந்தால் வலி சுண்டுவிரல், உள்ளங்கால் பக்கம் போயிருக்கும். இரண்டு இடத்தில் பிதுக்கம் என்று படித்துவிட்டு இரண்டு மடங்கு பயப்பட வேண்டாம்.

பிதுங்கிய பகுதி அப்படியே நின்றுவிடுவதும் இல்லை. உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. வெளியே பெரிதாக வந்த துண்டுதான் அதிகமாகச் சுருங்குகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இந்தக் கால்வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் நன்றாகத் தணிந்துவிடும். நீங்கள் இன்னும் ஐந்தாவது வாரத்தில்தான் இருக்கிறீர்கள்.

அதற்காக உங்கள் டாக்டர் சொன்னது தவறு என்று சொல்லமாட்டேன். காலில் பலக்குறைவு எதையாவது அவர் பார்த்திருக்கலாம். "என் காலில் பலம் குறைந்திருக்கிறதா, இன்னும் ஆறு வாரம் பொறுத்தால் என்ன நஷ்டம்?" என்று நேராகவே கேளுங்கள். 2007-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பொறுத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தார்கள். பொறுத்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வலி தாங்காமல் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 12 வாரம் ஆகியும் தூங்க விடாத வலி என்றால் செய்துகொள்வதில் தயக்கம் வேண்டாம்.

கால் விளங்காமல் போகும் என்ற பயத்துக்கு ஒரு பதில். தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல், இரண்டாம் முதுகெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் தொல்லை அதற்கும் கீழே, தனித்தனி நரம்புகள் மட்டும் ஓடுகிற இடத்தில். தொற்று, நரம்பு உறையில் கிழிசல், மறுபடி பிதுங்குவது போன்ற சிக்கல்கள் உண்டு. மாமா சொல்கிற மாதிரி கால் முடங்குவது மிக அரிது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், உங்களுக்கான சிகிச்சை அதில் வருமா என்று சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே விசாரித்துவிடலாம்.

நீவுவதைப் பற்றி: எண்ணெய் தடவி மெதுவாகத் தேய்த்தால் இறுகிய தசை கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். டிஸ்க் இரண்டு எலும்புகளோடும் கெட்டியாக ஒட்டியிருப்பது. கையால் உள்ளே தள்ள முடியாது. இடுப்பை முறுக்கிச் சொடக்கு எடுப்பவரிடம் போகவே வேண்டாம். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி இருந்தால் அது முதுகெலும்புக் காசநோயாகக்கூட இருக்கலாம். அங்கே முறுக்கினால் எலும்பு நொறுங்கும்.

இந்த ஆறு வாரம் படுத்தே கிடக்காதீர்கள். கடும் வலிக்கு ஒன்றிரண்டு நாள் படுக்கை போதும். தினமும் இரண்டு மூன்று தடவை சிறு நடை, டாக்டர் தந்த மாத்திரை, பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்ற பயிற்சி. பயிற்சி செய்யும்போது கால்வலி இடுப்பை நோக்கி ஏறினால் நல்ல அறிகுறி, கீழே இறங்கினால் நிறுத்துங்கள். பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டாதீர்கள். பீடி பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, இருந்தால் விடுங்கள். டிஸ்குக்குத் தனி ரத்தக்குழாய் கிடையாது, பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் சாப்பாடு. புகை அதையும் குறைக்கும்.

மருந்தை விட முக்கியமானது உங்கள் பட்டறைப் பலகை. தரையில் சம்மணமிட்டு, தீ முனையும் சங்கிலி வளையமும் கண்ணுக்குத் தெரிய முன்னால் கவிழ்ந்து உட்காருகிறீர்கள். நிற்பதை விட முன்னால் குனிந்து உட்காருகையில் இடுப்பு டிஸ்க் மேல் ஏறும் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கு. முதலாளியிடம் பேசி ஸ்டூலில் உட்காருங்கள். பலகையை மார்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். நல்ல விளக்கை அருகில் கொண்டுவாருங்கள். வேலை கண்ணுக்கு வர வேண்டும், கண் வேலைக்குப் போகக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்து நில்லுங்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு இது சிரமம்தான், தெரியும்.

ஏற்காடு? அன்றைக்கும் வலி முட்டிக்குக் கீழே இறங்கினால் பைக் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவிலும் இடுப்பு முறுகும். பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு மேலிருக்கும் சீட்டை விட்டு முன்பக்கம் உட்காருங்கள். கோயில் குகைக்குள் போகும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கிக் குனியுங்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிற வேலையை இந்த வருடம் மாமாவிடம் விடுங்கள்.